கனநீரகம் கண்ட யூரே

களத்து நெல்லைக் காற்று வீசும் வேளை பார்த்துத் தூற்றுவான் உழவன். பதர் பறந்து சென்று தொலைவில் விழும். மணி அவன் காலடியிலேயே குவியும். எளியது போலத் தோன்றும் இச்செயலில் அரியதோர் உண்மை அடங்கியுள்ளது. எடையால் வேறுபட்ட இரு பொருள்கள் ஒன்றாய்க் கலந்து கிடப்பினும், தக்க வழியறிந்து முயல்வார் அவற்றைப் பிரித்தெடுத்தல் கூடும் என்பதே அவ்வுண்மை. ஆயினும், பிரிக்க வேண்டியவை நெல்லும் பதருமாக இல்லாமல், கண்ணுக்குப் புலனாகாத அணுக்களாக இருப்பின் என் செய்வது? அவ்வணுக்களும் ஆறாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் அருகிக் கிடப்பின், அவை உண்டென்று எவ்வாறு அறிவது? இவ்வினாக்களுக்கு விடை கண்டவர் ஹெரால்டு கிளேட்டன் யூரே என்னும் அமெரிக்க அறிஞர். அவர் பிரித்துக் காட்டிய பொருளே, கதிரவனின் ஆற்றலை மண்ணில் ஆக்க முயலும் அறிஞர்கட்கு இன்று எரிபொருளாய்ப் பயன்படுகின்றது.

இளமையும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இந்தியானா மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1893-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29-ஆம் நாள் யூரே பிறந்தார். அவருடைய தந்தையார் பள்ளியாசிரியராகவும் சமயத் தொண்டராகவும் விளங்கியவர். யூரே ஆறு வயதுச் சிறுவராக இருந்தபோதே தந்தையார் காலமானார். தாயார், தம் மக்கள் மூவரையும் வளர்த்து ஆளாக்கும் பெரும்பொறுப்பைத் தாங்கினார். செல்வ வளம் இல்லாத குடும்பம் அது. எனினும், கல்வியிற் கொண்ட ஆர்வம் யூரேயை விட்டு அகலவில்லை.

உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்த யூரே, 1911-ஆம் ஆண்டில் ஆசிரியர் தகுதிச் சான்று பெற்றார். முதலில் இந்தியானாவிலும், பின்னர்த் தாயார் குடியேறியிருந்த மாண்டானா மாநிலத்திலும் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். மாண்டானாவில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் கற்பித்து வந்த காலத்தில், அவர் தங்கியிருந்த வீட்டு இளைஞன் கல்லூரியிற் சேர்ந்து படிக்க முடிவு செய்தான். அம்முடிவு யூரேயின் உள்ளத்திலும் கல்வி வேட்கையைக் கிளர்ந்தெழச் செய்தது. பிறருக்குக் கற்பித்த ஆசிரியர், தாமே மீண்டும் மாணவராயினார்.

1914-ஆம் ஆண்டில் மிசூலா நகரில் உள்ள மாண்டானாப் பல்கலைக்கழகத்தில் யூரே சேர்ந்தார். வீட்டு வாடகை கொடுக்கவும் வழியில்லாத நிலை. ஆகவே, கல்லூரி நாள்களில் கூடாரம் ஒன்றில் உறங்கியும் படித்தும் காலங்கழித்தார். கோடை விடுமுறையில் இருப்புப்பாதை அமைக்கும் வேலைக்குச் சென்று பொருளீட்டினார். இவ்வாறு வறுமையோடு போராடியும், 1917-ஆம் ஆண்டில் விலங்கியலில் பட்டம் பெற்றார். உயிரினங்களைக் கற்றவர், பிற்காலத்தில் உயிரற்ற அணுக்களின் உலகிற் புகுந்ததற்குக் காலச்சூழலே காரணமாயிற்று. முதல் உலகப் போர் நடந்த அந்நாளில் வெடிமருந்து ஆக்கும் பிலடெல்பியா நகரத் தொழிற்சாலை ஒன்றில் அவர் பணிபுரிய நேர்ந்தது. போர் முடிந்ததும், தாம் பயின்ற பல்கலைக்கழகத்திற்கே திரும்பி வேதியியல் கற்பித்தார்.

மேலும் கற்கும் விருப்பால், 1921-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே கில்பர்ட் லூயிஸ் என்னும் வேதியியற் பேரறிஞரின் மாணவராய் ஆராய்ந்து, 1923-ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் டென்மார்க்கு நாட்டுக் கோப்பன்கேகன் நகருக்குச் சென்று, அணுவின் அமைப்பை விளக்கிய நீல்சு போர் என்பாரிடம் ஓராண்டு பயின்றார். அணு எவ்வாறு ஒளியை உமிழ்கின்றது என்பதை அவர் ஐயந்திரிபறக் கற்றது அங்கேதான். அக்கல்வி, பின்னாளில் அவருக்குக் கைவிளக்காய் அமைந்தது. தாய்நாடு திரும்பிய யூரே, பால்ட்டிமோர் நகரில் சிலகாலம் பணியாற்றி, 1929-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார்.

ஐயம் பிறந்த வரலாறு

அணுக்கள் யாவற்றினும் எடை குறைந்தது ஹைட்ரஜன் எனப்படும் நீரக அணு. அதன் கருவில் இருப்பது புரோட்டான் ஒன்றே. ஆக்சிஜன் எனப்படும் உயிரகத்தோடு இது சேர்ந்தால் நீர் உண்டாகும். ஒரே தனிமத்தைச் சார்ந்த அணுக்களுள்ளும் எடையால் வேறுபட்டவை உண்டு. வேதியியல் அறிஞர் தனிமங்களை வரிசைப்படுத்திய அட்டவணையில் அவை ஓரிடத்திலேயே அமர்தலின், அவற்றை ஓரிடத்தான்கள் என்பர். ஐசோடோப்புகள் என வழங்கும் சொல்லின் பொருளும் அதுவே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் குணத்தால் ஒத்திருந்தும் உடற்கட்டால் வேறுபடுவது போன்றது இது.

1929-ஆம் ஆண்டில், உயிரகத்திற்கு எடைமிக்க ஓரிடத்தான்கள் உண்டு என்று பெர்க்கிலி அறிஞர் கண்டனர். அதனால் ஒரு சிக்கல் எழுந்தது. அணுக்களின் எடையை அக்காலத்தார் உயிரகத்தை அளவுகோலாகக் கொண்டே கணித்து வந்தனர். நீரகத்தின் அணு எடையை வேதியியல் முறையால் கண்டவர் ஒருபுறம் இருக்க, ஆஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் தாம் அமைத்த கருவியால் தனித்தனி அணுக்களை அளந்து கண்டிருந்தார். இரண்டு எண்களும் ஒத்திருந்தன. அளவுகோலாகிய உயிரகமே கலப்புடையது என்று தெரிந்த பின்னர், அவ்விரண்டு எண்களும் ஒத்திருத்தல் தகாது. ஒத்திருப்பின், நீரகத்திலும் எடைமிக்க அணு ஒன்று மறைந்திருத்தல் வேண்டும். 4500 அணுக்களுக்கு ஒன்றாக அஃது இருக்கக்கூடும். இவ்வாறு பர்ஜ், மென்சல் என்னும் அறிஞர் இருவர் 1931-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எழுதினர்.

அவ்வெழுத்தைக் கண்ட யூரே காலம் தாழ்த்தவில்லை. தம்முடன் பணியாற்றிய ஜார்ஜ் மர்பி என்பாரைத் துணையாகக் கொண்டு உடனே தேடலில் இறங்கினார்.

நிறமாலையில் கண்ட மெல்லிய கோடு

கண்ணாடிக் குழாயில் அடைத்த நீரக வளியில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஒளிவிடும். அவ்வொளியை நிறமாலையாய் விரித்து நோக்கின், செந்நிறம், நீலநிறம் முதலிய சில கோடுகள் தனித்தனியே தோன்றும். அணுவின் கரு எடைமிகுந்ததாயின், அக்கோடுகள் தம்மிடத்தினின்று மயிரிழையளவு விலகித் தோன்றும். எவ்வளவு விலகும் என்பதைப் போர் கற்பித்த கொள்கையைக் கொண்டு யூரே கணக்கிட்டார். செந்நிறக் கோடு விலக வேண்டிய அளவு 1.8 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறே ஓர் ஆங்ஸ்ட்ராம் ஆகும். அத்துணைச் சிறிய விலகலைக் காணத்தக்க பெருங்கருவி ஒன்று கொலம்பியாவில் இருந்தது. நுண்ணிய கோடுகள் நெருக்கமாய்க் கீறப்பட்ட குழிந்த தகடு ஒன்று அக்கருவியின் உயிராக விளங்கியது.

யூரேயும் மர்பியும் நெடுநேரம் ஒளி பாய்ச்சி நிழற்படம் எடுத்தனர். கணக்கிட்ட இடத்திலேயே மிக மங்கலான கோடு ஒன்று தென்பட்டது! வேறொருவராயின், அன்றே தம் வெற்றியை உலகறியப் பறைசாற்றியிருப்பர். யூரே அவ்வாறு செய்யவில்லை. தகட்டில் கீறிய கோடுகளில் சிறு பிழை இருப்பினும் இல்லாத கோடு இருப்பது போலத் தோன்றும் என்பதை அவர் அறிவார். கண்டது மெய்க்கோடோ பொய்க்கோடோ என்னும் ஐயம் அவரை அலைக்கழித்தது.

அவ்வையத்தைத் தீர்க்க அவர் கண்ட வழி அறிவுக்கு விருந்தாவது. எடைமிக்க நீரகத்தை முன்னினும் செறிவாகச் சேர்த்து, மீண்டும் நிழற்படம் எடுக்க வேண்டும். கோடு மெய்யானதாயின், பொருள் மிகுந்த அளவிற்குக் கோடும் ஒளிமிகுந்து தோன்றும். கருவியின் குறையால் பிறந்த பொய்க்கோடாயின், முன்னிருந்த அளவிலேயே நிற்கும். ஆகவே, பொருளைச் செறிவாக்குதலே மெய்ம்மையை நிறுவும் வழியாயிற்று.

குளிர்நீர்மத்தின் கடைசித் துளி

நீரக வளியைக் கடுங்குளிரில் குளிர்வித்தால் அது நீர்மமாய் மாறும். அந்நீர்மம் சுழிக்குக் கீழ் 253 பாகை சென்டிகிரேடு அளவிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எடை குறைந்த அணுக்கள் விரைந்து ஆவியாகும்; எடை மிகுந்தவை பின்தங்கும். கரும்புச் சாற்றைக் காய்ச்சுவார் நீரை ஆவியாக்கிக் கட்டியைத் திரட்டுதல் போல, இந்நீர்மத்தை ஆவியாகவிட்டு எஞ்சிய துளியைப் பிடித்தால், அதில் கனநீரகம் செறிந்திருக்கும். இது யூரேயின் கருத்து.

நீரக நீர்மத்தைப் பேரளவில் ஆக்கும் வசதி அக்காலத்தில் அமெரிக்காவில் ஓரிரண்டு இடங்களிலேயே இருந்தது. அவற்றுள் ஒன்று வாஷிங்டன் நகரத்தில் இருந்த தேசிய அளவை நிலையம். அங்குப் பணியாற்றிய பெர்டினாண்டு பிரிக்வெட் என்பார் யூரேயின் வேண்டுகோளை மனமுவந்து ஏற்றார். ஆறு லிட்டர் நீர்மத்தை ஆவியாகவிட்டு, இறுதியில் எஞ்சியதைக் குடுவையில் சேர்த்து அனுப்பினார். யூரேயும் மர்பியும் ஆவலோடு அதனைச் சோதித்தனர். அந்தோ! கோடு முன்னினும் மிகுந்து தோன்றவில்லை.

இத்தோல்வியால் யூரே சோர்ந்தாரில்லை. தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். குளிர் மிகுதியாக மிகுதியாக, இருவகை அணுக்களும் ஆவியாகும் வேகத்தில் உள்ள வேறுபாடும் மிகும் என்பது அவர்தம் கணிப்பு. மலையுச்சியில் காற்றின் அழுத்தம் குறைதலால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பது போல, நீரக நீர்மத்தையும் அழுத்தம் குறைத்து, உறையும் நிலைக்குச் சற்று மேலாக, சுழிக்குக் கீழ் 259 பாகை அளவில் ஆவியாக்க முடிவு செய்தனர். பிரிக்வெட் இம்முறை நான்கு லிட்டர் நீர்மத்தை ஆவியாக்கி, கடைசி ஒரு கன சென்டிமீட்டரின் எச்சத்தையே பிடித்து அனுப்பினார். அதுபோல் மற்றொரு குடுவையும் நிரப்பப் பெற்றது.

1931-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க மக்கள் இல்லந்தோறும் விருந்து அயரும் நன்றியறிதல் நாளில், யூரே ஆய்வுக்கூடத்திலேயே அமர்ந்திருந்தார். புதிய நிழற்படத்தில் அம்மெல்லிய கோடு முன்னினும் பல மடங்கு ஒளிமிகுந்து விளங்கியது. ஐயம் நீங்கியது, உண்மை நிலைபெற்றது. வீட்டில் விருந்தினர் காத்திருக்க, நெடுநேரங் கழித்தே யூரே இல்லம் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் இறுதியில் நியூ ஆர்லியன்சு நகரில் கூடிய இயற்பியலாளர் மன்றத்தில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். மர்பியின் பெயரும் பிரிக்வெட்டின் பெயரும் அவர் பெயரோடு இணைந்தே அச்சேறின.

இவ்வரலாற்றில் வியத்தற்குரிய செய்திகள் இரண்டு உள. முதற் குடுவை ஏன் ஏமாற்றியது என்பது பின்னரே புலனாயிற்று. நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சி நீரகத்தைப் பிரித்தெடுக்கும்போது, இலேசான நீரகமே முந்தி வெளியேறும். கனநீரகம் நீரிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். பிரிக்வெட்டுக்குக் கிடைத்த நீரகம் அவ்வாறு பிரிக்கப்பட்டதாகலின், தொடக்கத்திலேயே அதில் கனநீரகம் குறைந்திருந்தது. தோல்வியின் காரணத்தை ஆராய்ந்தமையால், கனநீரகத்தைப் பேரளவில் சேர்க்கும் புதுவழியும் கிடைத்தது. மற்றொன்று இதனினும் வியப்பானது. எந்த எண்ணை நம்பி யூரே தேடத் தொடங்கினாரோ, ஆஸ்டன் கண்ட அவ்வெண்ணிலேயே சிறு பிழை இருந்தது. ஆஸ்டனே 1935-ஆம் ஆண்டில் அதனைத் திருத்தினார். திருந்திய எண் முன்னரே கிடைத்திருப்பின், கனநீரகத்தைத் தேடும் எண்ணமே அன்று எழுந்திராது. யூரே அந்த எண்ணை மட்டுமே நம்பி முடிவு கூறாமல், தாமே சோதித்துத் தெளிந்தமையால், பிழையான வழிகாட்டியைப் பின்பற்றியும் மெய்யான ஊரை அடைந்தார்.

புகழும் பகிர்வும்

புதிய பொருளுக்கு டியூட்டிரியம் என்று பெயரிடப்பட்டது. இரண்டாவது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். அதன் கருவில் புரோட்டான் ஒன்றும் நியூட்ரான் ஒன்றும் உண்டு. ஆதலின் அது நீரகத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுடையது. அது சேர்ந்த நீர் கனநீர் எனப்படும். கனநீர் நாம் பருகும் நீரைவிட நூற்றுக்குப் பதினொரு பங்கு அடர்த்தி மிகுந்தது. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் 1980-களில் இயங்கத் தொடங்கிய அணுமின் உலைகளும் கனநீரைக் கொண்டு இயங்குமாறு அமைக்கப்பட்டவையே.

1934-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு யூரேக்கு அளிக்கப்பட்டது. அவருக்கு மகள் பிறக்கும் காலம் அணுகியிருந்தமையால், டிசம்பர்த் திங்களில் நிகழ்ந்த விழாவிற்கு அவர் செல்லவில்லை. மறு ஆண்டு பிப்ரவரித் திங்களிலேயே ஸ்டாக்கோம் நகரில் சொற்பொழிவாற்றினார். பரிசு ஒருவருக்கே வந்தது, உழைப்போ மூவருடையது. ஆகவே, பரிசுப் பொருளில் மர்பிக்கும் பிரிக்வெட்டுக்கும் பங்கு அளித்தார். தமக்குக் கிடைத்த ஆராய்ச்சி உதவித் தொகையில் பாதியை, இசிடோர் ராபி என்னும் இளம் அறிஞருக்கு ஈந்தார். அந்த ராபி 1944-ஆம் ஆண்டில் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றுத் தம்மை ஆதரித்தவருக்குப் பெருமை சேர்த்தார்.

போரும் மனச்சான்றும்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. அணுக்களைப் பிரிக்கும் கலையில் வல்லவராகிய யூரேயை அரசாங்கம் நாடியது. அணுகுண்டிற்கு வேண்டிய யுரேனிய ஓரிடத்தானைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிக்குக் கொலம்பியாவில் அவர் தலைமை தாங்கினார். அக்குண்டு விளைத்த பேரழிவைக் கண்டு அவர் உள்ளம் நொந்தது. போர் முடிந்தபின், அணு ஆற்றல் படைத்துறையின் கையில் இருத்தல் கூடாது, குடிமக்கள் ஆட்சியில் அமைதல் வேண்டும் என்று வாதாடினார். ஐன்ஸ்டைன் தலைவராக இருந்த அணு அறிஞர் குழுவிலும் இடம்பெற்று, அணுப்போரின் கொடுமையை மக்களுக்கு எடுத்துரைத்தார்.

ஆயினும், காலத்தின் சிக்கலினின்று அவரும் தப்பவில்லை. நீரகக் குண்டு ஆக்குவதா வேண்டாவா என்னும் வழக்கு 1950-ஆம் ஆண்டில் எழுந்தபோது, பிறநாடு அதனை முதலில் அடைதல் தீது என்று அஞ்சி, மிக்க துயரத்தோடு அதற்கு இசைந்தார். 1952-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் பசிபிக் கடலின் எனிவேட்டாக்குத் தீவில் அமெரிக்கா வெடித்த அக்குண்டில் நீர்மமாக்கிய டியூட்டிரியமே எரிபொருள். தாம் கடைசித் துளியில் கண்டெடுத்த பொருள் ஒரு தீவையே விழுங்கியதை யூரே தம் வாழ்நாளிலேயே கண்டார். ஒரு பொருளைக் காண்பது அறிஞர் கையில் உள்ளது. அதனை ஆக்கத்திற்கோ அழிவிற்கோ பயன்படுத்துவது மாந்த இனம் முழுவதன் பொறுப்பாகும்.

ஆசிரியப் பெருந்தகை

போருக்குப் பின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்த யூரே, ஓரிடத்தான்களைக் கொண்டு பழங்காலக் கடல்களின் வெப்பத்தை அளக்கும் முறையை வகுத்தார். கடல்வாழ் உயிர்களின் ஓடுகளில் உள்ள உயிரக ஓரிடத்தான்களின் விகிதம், அவை வாழ்ந்த நீரின் வெப்பத்திற்கு ஏற்ப வேறுபடும் என்பதே அம்முறையின் அடிப்படை.

அக்காலத்தில் ஸ்டான்லி மில்லர் என்னும் மாணவர் அவரிடம் ஆராய்ந்து வந்தார். பழம்பெரு உலகின் வளிமண்டலத்தில் இருந்திருக்கக்கூடிய வளிகளை ஒரு குடுவையில் அடைத்து, மின்னலைப்போல் மின்பொறி பாய்ச்சி, உயிர்ப்பொருளுக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் உண்டாதலை அவர் கண்டார். 1953-ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளியாகும்போது, ஆசிரியராகிய யூரே தம் பெயரை அதில் சேர்க்க இசையவில்லை. நோபெல் பரிசு பெற்றவர் பெயர் உடன் இருப்பின், மாணவர் புகழை அது மறைத்துவிடும் என்று கருதினார். மாணாக்கர் ஓங்குதலையே தம் ஓங்குதலாகக் கொண்ட ஆசிரியர் அவர்.

1958-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லாஹோயா நகரை அடைந்து, முதுமையிலும் ஓய்வின்றி உழைத்தார். 1969-ஆம் ஆண்டில் விண்வெளி வீரர் கொணர்ந்த நிலவுக் கற்களை ஆராய்ந்த அறிஞருள் அவரும் ஒருவர். 1981-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள், தம் 87-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

எரிபொருளாய் அமைந்த கனநீரகம்

யூரே மறைந்தார், அவர் கண்ட பொருளின் பயன் மறையவில்லை. கதிரவன் ஒளிர்வது எதனால்? அதன் நடுவே நீரகக் கருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. அவ்விணைவில் வெளிப்படும் ஆற்றலே நமக்கு ஒளியும் வெப்பமும் ஆகின்றது. மண்ணுலகில் அவ்விணைவை நிகழ்த்துதற்கு எளிதில் இசைவன டியூட்டிரியமும், மூன்று பங்கு எடையுள்ள டிரிட்டியமும் ஆகும். டிரிட்டியம் இயற்கையில் மிக அரிது. லித்தியம் என்னும் தனிமத்தினின்று அதனை ஆக்குவர். டியூட்டிரியமோ கடல்நீர் முழுவதும் பரவிக் கிடக்கின்றது. ஆயினும், ஒரு லிட்டர் நீரில் உள்ளது ஒரு கிராமின் முப்பதில் ஒரு பங்கே.

இவ்விரண்டையும் இணைக்க லேசர் ஒளியைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து 1972-ஆம் ஆண்டில் அச்சில் வெளிவந்தது. அம்முறையில் எரிபொருளைத் தக்கவாறு அமைத்தல் முதற்பெரும் பணியாகும். மிளகு விதை அளவினதாய், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெற்றுருண்டை ஒன்றைச் செய்வர். அதனுள் டியூட்டிரியமும் டிரிட்டியமும் கலந்த வளியைச் செலுத்தி, சுழிக்குக் கீழ் 250 பாகைக்கும் மேற்பட்ட குளிரில் உறையச் செய்வர். உருண்டையின் உட்சுவரில் அது மெல்லிய பனிப்படலமாய்ப் படியும். அப்படலம் எங்கும் ஒரே தடிப்பாக இருத்தல் வேண்டும். சிறிது ஏறக்குறைய இருப்பினும் முயற்சி பாழாகும்.

கைக்கும் கருவிக்கும் எட்டாத அவ்விடத்தைச் சமன் செய்பவர் யார்? எரிபொருளே தன்னைச் சமன் செய்து கொள்ளும். டிரிட்டியம் இடைவிடாது சிதைந்து இம்மியளவு வெப்பத்தை வெளியிடும் இயல்பினது. பனி தடித்த இடத்தில் அவ்வெப்பம் மிகும். அங்குள்ள பனி ஆவியாகி, மெலிந்து குளிர்ந்த இடத்திற் சென்று படியும். மேட்டு மண் பள்ளத்தை நிரப்புதல்போல், சில மணி நேரத்தில் படலம் முழுவதும் ஒப்புரவாகிவிடும். உறையும் எல்லையில் நிகழும் நுண்ணிய ஆவியாதலே யூரேக்குக் கனநீரகத்தைக் காட்டிக் கொடுத்தது. அத்தகைய ஆவியாதலே இன்று எரிபொருளை உருவாக்கவும் துணைபுரிகின்றது.

பின்னர் அவ்வுருண்டையைப் பொன்னாலான சிறு கூட்டின் நடுவே நிறுத்தி, லேசர் கற்றைகளைக் கூட்டின் உட்சுவரில் பாய்ச்சுவர். அங்கு எழும் எக்ஸ் கதிர்கள் உருண்டையின் மேற்றோலைச் சிதறடிக்கும். நெருப்பு பின்னோக்கிச் சீற வாணம் முன்னோக்கிப் பாய்வது போல, தோல் வெளிநோக்கிச் சிதற, எஞ்சிய பகுதி நொடிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் உள்நோக்கி நெருங்கும். பனியாய் இருந்தபோது நீரினும் இலேசாக இருந்த எரிபொருள், ஈயத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியுடையதாகும். அவ்வடர்த்தியிலும் கோடிக்கணக்கான பாகை வெப்பத்திலும் கருக்கள் இணையும்.

கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில், 192 லேசர் கற்றைகளைக் கொண்டு 2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் இச்செயல் நிகழ்த்தப்பட்டது. கூட்டிற் பாய்ந்த ஒளியாற்றல் 2.05 மெகாஜூல், இணைவால் வெளிப்பட்டது 3.15 மெகாஜூல். செலுத்திய ஒளியினும் மிகுந்த ஆற்றலை ஆய்வகத்தில் பெற்றது அதுவே முதன்முறை. எனினும், அந்த லேசர்களை இயக்கச் செலவான மின்னாற்றல் ஏறத்தாழ 300 மெகாஜூல். ஆகவே, மக்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலையை அடைய இன்னும் நெடுவழி நடக்க வேண்டியுள்ளது. வெற்றியை உள்ளவாறே கூறி, எஞ்சிய குறையையும் மறையாது உரைத்தல் அறிவியலார்க்கு அழகாகும்.

அவ்வழகு யூரேயின் வாழ்வில் முழுமையாய் விளங்கியது. முதன்முதல் மங்கலான கோடு தோன்றியபோது அவர் வாய்திறந்திருப்பின், அது வெறும் ஊகமாய் நின்றிருக்கும். பொய்யாயின் பழியும் சேர்ந்திருக்கும். சில திங்கள் காத்திருந்து, துளித்துளியாய்ப் பொருளைச் செறிவாக்கி, தம் ஐயத்தைத் தாமே வென்ற பின்னரே அவர் பேசினார். பேசியபோதும், உடன் உழைத்தாரை மறவாமல் பேசினார். அறிவைத் தேடும் மாணவர் யாவரும் அவரிடம் கற்கத்தக்கன இவ்விரண்டாம்: கண்டதை நன்கு தெளிந்தாலன்றிக் கூறாமை ஒன்று, கூறுங்கால் பிறர் உழைப்பைத் தமதாக்கிக் கொள்ளாமை மற்றொன்று.